அஸ்வின் ஆடறாரா இல்லையா?

நேயர்களுக்கு வணக்கம். உங்களுக்குப் பிடிச்ச கிரிக்கெட் ப்ளேயரைப் பத்தி வந்து பேசுங்கன்னு கூப்ட்டாங்க, யாரைப் பத்தின்னு நான் யோசிக்கவே இல்ல, நம்ம மேற்கு மாம்பலத்து ஆஃப் ஸ்பின்னர் ரவிச்சந்திரன் அஸ்வின்தான், வேற யாரு. எங்க வீட்டுக்காரர் கோலி ஃபேன், அதனால இந்த உரையைக் கேட்டுட்டு சாயங்காலம் வீட்டுல ஒரு கச்சேரி இருக்கு, அது தனி.

பேட்ஸ்மேனுக்கு ஃபேனா இருக்கறது ஒருவிதத்துல ஈஸிங்க. அவர் ஆடற வரைக்கும் பாப்போம், அவுட்டானா டிவிய ஆஃப் பண்ணிட்டு வேலையப் பாக்கப் போயிடலாம், சச்சின் காலத்துல நாடே அப்படித்தான இருந்துச்சு. பௌலர் ஃபேனுக்கு அந்த வசதி இல்ல. ஒரு ஸ்பெல்லுல பத்து ஓவர் விக்கெட்டே விழாது, நாம எழுந்து காபி போடப் போற நேரம் பாத்து ஒண்ணு விழும். அதுவும் அஸ்வின் ஃபேனா இருந்தா இதுக்கெல்லாம் முன்னாடியே ஒரு டென்ஷன் இருந்துச்சு, டாஸ் போட்டு ப்ளேயிங் லெவன் சொல்லுவாங்கள்ல, அதுல பேரு இருக்கான்னு பாக்கறது. மேட்ச் வெளிநாட்டுலன்னா பாதி நேரம் இருந்ததில்ல. 2021-ல இங்கிலாந்துல நாலு டெஸ்ட் நடந்துச்சு, நாலுலயும் வெளிய உக்கார வச்சாங்க. 2023 ஜூன்ல ஓவல்ல டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல், ரேங்கிங்ல உலகத்துலயே நம்பர் ஒன் பௌலர் அவர்தான், எதிர்ல ஆஸ்திரேலியாவோட வார்னர், கவாஜா, ஹெட், கேரின்னு வரிசையா லெஃப்ட் ஹேண்டர்ஸ், அவங்களை அவுட் பண்றதுதான் இவரோட ஸ்பெஷாலிட்டியே, ஆனா அன்னைக்கும் பெஞ்ச்தான். ட்ராவிஸ் ஹெட் 163 அடிச்சப்ப எங்க வீட்டுல யாரும் என்கிட்ட பேச்சுக் குடுக்கல.

சரி, நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும்ல. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா இந்த நாலு நாட்டுலயும் அவருக்கு ஒரு இன்னிங்ஸ்ல அஞ்சு விக்கெட்ங்கறது ஒரு தடவை கூட கிடையாது. 2013-ல ஜோஹன்னஸ்பர்க் டெஸ்ட்ல கடைசி நாள் ஆட்டத்துல ஒரு விக்கெட் கூட எடுக்கல, அடுத்த மேட்ச்ல டர்பன்ல அவருக்குப் பதிலா ஜடேஜா வந்துட்டார். எங்க வீட்டுக்காரர் இதை அடிக்கடி எடுத்து விடுவாரு, எனக்கும் பதில் சொல்ல ஒண்ணும் இருக்காது.

ஆனா எனக்கு அவரைப் பிடிச்சது விக்கெட் கணக்குனால இல்ல, அவர் யோசிக்கறதை நாம உக்காந்த இடத்துலேர்ந்தே பாக்க முடியும் பாருங்க, அதனாலதான். 2020 டிசம்பர்ல அடிலெய்ட் டெஸ்ட், ஆஸ்திரேலியாவோட ஸ்டீவ் ஸ்மித் பேட்டிங். ஸ்பின் ஆகி உள்ள வரும்னு நெனச்சு ஆடறாரு, பந்து திரும்பாம நேரா போகுது, ஸ்லிப்ல ரஹானே கையில கேட்ச், 1 ரன். அடுத்த டெஸ்ட் மெல்பர்ன்ல. இப்ப லெக் சைடுல கிட்டக்க புஜாராவை நிக்க வச்சாச்சு, பந்து உள்ள திரும்புது, ஸ்மித் அதை லெக் சைடுல தட்டறாரு, நேரா புஜாரா கைக்குப் போச்சு, 0. போன மேட்ச்ல வெளிப்பக்கம் வலை, இந்த மேட்ச்ல உள்பக்கம் வலை. அதுக்கு முன்னாடி 2015-ல இலங்கையோட சங்கக்காராவுக்குக் கடைசி சீரிஸ், நாலு இன்னிங்ஸ் ஆடினாரு, நாலுலயும் அவரை எடுத்தது அஸ்வின்தான். அவ்ளோ பெரிய ஆள்கிட்ட இதைச் செய்யறது லக்குல நடக்கற விஷயமா சொல்லுங்க.

இந்த கேரம் பால்னு டிவில சொல்றாங்களே, மெட்ராஸ்ல தெருவுல டென்னிஸ் பால்ல ஆடற பசங்களுக்கு அது சொடக்கு பால். நடுவிரலை மடக்கி பந்துக்குப் பின்னாடி வச்சு சுண்டி விடறது, இலங்கையோட அஜந்தா மெண்டிஸ் 2008-ல போட்டப்ப உலகமே அசந்துச்சு, அஸ்வின் அதைத் தெரு கிரிக்கெட்லயே கத்துக்கிட்டதா சொல்லியிருக்காரு. சின்ன வயசுல ஓப்பனிங் பேட்ஸ்மேனா இருந்தவர், அப்பறம் ஐடி இன்ஜினியரிங் படிச்சாரு, நடுவுல ஆஃப் ஸ்பின்னரா மாறினாரு.

பேட்டிங்னு சொன்னதும் எனக்கு சிட்னி ஞாபகம் வரும், 2021 ஜனவரி 11. முதுகு புடிச்சுக்கிட்டு காலைல நிமிந்து நிக்க முடியல, குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியலன்னு அவர் மனைவியே அன்னைக்கு ட்விட்டர்ல போட்டாங்க, அந்த உடம்போட 128 பந்து நின்னாரு, எதிர்ல தொடைல தசை புடிச்சுக்கிட்ட ஹனுமா விஹாரி 161 பந்து, 40 ஓவருக்கு மேல ரெண்டு பேரும் சேர்ந்து ஆடி மேட்சை ட்ரா பண்ணிட்டாங்க. ஆஸ்திரேலியா கேப்டன், விக்கெட் கீப்பர் டிம் பெய்ன் பின்னாடி நின்னுக்கிட்டு வாயடிச்சுட்டே இருந்தாரு, கடைசில கேட்ச்தான் விட்டாரு. அடுத்த மாசம் சேப்பாக்கம், கொரோனாக்கு அப்பறம் ஸ்டேடியத்துக்குள்ள பாதிக் கூட்டத்தை விட்டிருந்தாங்க, இங்கிலாந்து கூட முதல் இன்னிங்ஸ்ல 5 விக்கெட், அப்பறம் 106 ரன். செஞ்சுரி வந்தப்ப எதிர்ல நின்ன கடைசி ஆள் சிராஜ் குதிச்ச குதி இருக்கே, அடிச்சவரை விட அவருக்குத்தான் சந்தோஷம். 2024 செப்டம்பர்ல அதே கிரவுண்ட்ல பங்களாதேஷ் கூட நமக்கு 144 ரன்னுக்கு 6 விக்கெட் போச்சு, அங்கேர்ந்து 113 அடிச்சு, ரெண்டாவது இன்னிங்ஸ்ல 6 விக்கெட்.

பட்லர் ரன் அவுட்டா? கேப்பீங்கன்னு தெரியும். 2019 ஐபிஎல், ஜெய்ப்பூர், பந்து போட வந்த அஸ்வின், பௌலர் பக்கம் கிரீஸை விட்டு வெளிய வந்திருந்த இங்கிலாந்து பேட்ஸ்மேன் ஜோஸ் பட்லரை ரன் அவுட் பண்ணிட்டாரு. பந்து போடறதுக்குள்ள கிரீஸை விட்டுக் கிளம்பினா அவுட்டுதான், இதுல ஆட்டத்தோட ஸ்பிரிட்னு ஒண்ணு எங்கேர்ந்து வந்துச்சு? 2022-ல கிரிக்கெட் விதிகளை எழுதற எம்சிசியே அதை நியாயமில்லாத ஆட்டம்ங்கற விதிலேர்ந்து எடுத்து சாதாரண ரன் அவுட் விதில சேத்துட்டாங்க. அவ்ளோதான், மேல போவோம்.

2024 டிசம்பர் 18, பிரிஸ்பேன். சீரிஸ் நடுவுல, கேப்டன் ரோஹித் பக்கத்துல உக்காந்து ரிடயர் ஆகறேன்னு சொல்லிட்டாரு. 106 டெஸ்ட், 537 விக்கெட், இந்திய பௌலர்கள்ல கும்ப்ளேவோட 619-க்கு அடுத்து இவர்தான். சேப்பாக்கத்துல ஒரு கடைசி டெஸ்ட் ஆடி மாலை போட்டு அனுப்பியிருக்கணும்னு எனக்கு இன்னும் ஆத்தாமைதான். ஆனா அந்த சீரிஸோட முதல் டெஸ்ட்ல பெர்த்ல இவருக்குப் பதிலா வாஷிங்டன் சுந்தர், பிரிஸ்பேன்ல ஜடேஜா, அந்த லெவனைப் பாத்தே அவருக்குப் புரிஞ்சிருக்கும், அடுத்தவங்க சொல்லட்டும்னு காத்துட்டு இருக்கற ஆள் இல்ல அவர்.

இப்ப யூட்யூப்ல தமிழ்லயே உக்காந்து ஃபீல்டு செட்டிங்லேர்ந்து எல்லாத்தையும் பேசறாரு, அதைக் கேட்டுக் கேட்டு நான் இப்ப யார் பந்து போட்டாலும் லெக் ஸ்லிப் எங்க, மிட் விக்கெட் ஏன் காலியா இருக்குன்னு டிவியப் பாத்து கத்திட்டிருக்கேன். கோலி ஃபேன் சோஃபாவுல சாஞ்சுக்கிட்டு, நீயே போய் கேப்டன்கிட்ட சொல்லிட்டு வாயேன்கறாரு.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.