குரலுக்கும் ஒரு பெயர் உண்டு

அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியைப் பறித்துக்கொண்ட முன்னாள் துணைவேந்தர் அவர்களே, காய்ச்சலோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே, மைக்கைச் சரிசெய்து கொடுத்த தம்பியே, யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருளும் பெரியோர்களே, வணக்கம்.

கார்ட்டூன் தொடர்களுக்குக் குரல் கொடுப்பவர்களைப் பற்றி மூன்று செய்திகள்: பயிற்சி, ஊதியம், பெயர். 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பார்கள். இவர்களுக்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது.

முதலில் பயிற்சி. ஓடுவது, விழுவது, அடி வாங்குவது எல்லாம் நின்ற இடத்திலேயே, தொண்டையில் நடக்க வேண்டும். தாள் புரட்டும் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. அலறல் காட்சிகளைக் கடைசிக்கு ஒதுக்குவார்கள். முதலிலேயே கத்தித் தீர்த்தால் மீதி வசனத்துக்குக் குரல் இருக்காது.

மெல் பிளாங்க் என்றொருவர். பக்ஸ் பன்னி முயலுக்குப் பேசியவர். நிஜக் காரட்டையே கடிப்பார். விழுங்க நேரமிருக்காது, துப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். 1961 ஜனவரியில், லாஸ் ஏஞ்சல்ஸில் கார் மோதி நினைவில்லாமல் கிடந்தார். கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், அசைவில்லை. நாட்கள் போகின்றன, அசைவில்லை. ஒருநாள் ஒரு டாக்டர், 'பக்ஸ் பன்னி, இன்றைக்கு எப்படி இருக்கிறாய்?' என்றார். வந்தது பாருங்கள் பதில், அச்சு அசல் முயலின் குரலில்! கைதட்டலைக் கொஞ்சம் வைத்திருங்கள், இன்னும் முடியவில்லை. அப்போது 'பிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரில் பார்னியும் அவர்தான். சில பகுதிகளுக்கு இன்னொரு குரல் கலைஞர் டாஸ் பட்லர் கைகொடுத்தார். அப்புறம்? உடம்பெல்லாம் மாவுக்கட்டோடு படுத்திருந்தவர் வாயருகே மைக்கை வைத்துப் பதிவு செய்தார்கள். பார்த்துச் சிரித்த குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியாது.

ஊதியம்... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, விட்டுவிடுகிறேன்.

பெயருக்கு வருகிறேன், அதற்காகத்தானே வந்தேன். இதே பிளாங்க் சம்பள உயர்வு கேட்டாராம். தயாரிப்பாளர் மறுத்துவிட்டு, திரையில் பெயர் போடச் சம்மதித்தாராம். பெயர் வந்தது, கூடவே வேலையும் வந்து குவிந்தது. அதே படங்களில் முயலைத் துரத்தும் வேட்டைக்காரன் எல்மர் ஃபட்டாகப் பேசிய ஆர்தர் பிரையனுக்குப் பெயர் போடவில்லை. உழுதவன் கணக்கு!

ஜப்பானில் 1979 முதல் 2005 வரை டோரேமானாகப் பேசியவர் நொபுயோ ஓயாமா. உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்கும் டோரேமான் யார் குரல்? சொல்லுங்கள் பார்ப்போம். பெயர்கள் ஓடும்போது படத்தைச் சுருக்கி மூலைக்குத் தள்ளி, அடுத்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் போட்டால் எப்படித் தெரியும்? இப்போது செயற்கை நுண்ணறிவு குரலைப் படியெடுக்கிறது. எங்கும் பெயர் இல்லாதவர் எதைக் காட்டி 'இது என் குரல்' என்று வழக்காடுவார்? உழக்கு மிஞ்சாவிட்டாலும் போகட்டும், உழுதவன் யார் என்றாவது எழுத வேண்டாமா?

ஆகவே நம் தீர்மானம் இதுதான்: ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும், மொழிமாற்றத் தொடரானாலும், பாத்திரத்தின் பெயருக்கு எதிரே பேசியவர் பெயர் வரவேண்டும், படிக்கும் அளவில். தாள் செயலாளரிடம் இருக்கிறது. முதல் கையெழுத்து துணைவேந்தருடையது, இரண்டாவது என்னுடையது. பேனா கொண்டுவராதவர்கள் மைக் தம்பியிடம் கேளுங்கள்.