எந்த இடம் என்று சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். எழுத்தாளர்களைக் கொண்டாடுவது பற்றிப் பேசுங்கள், புதிதாக வரும் கதைகளைப் பற்றியும் இணையத்தில் கூடிப் படிக்கிறவர்களைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். கால் மணி நேரம் தந்திருக்கிறார்கள். கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருத்தியிடம் கதைப் புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொல்லிக் கடிகாரத்தையும் எதிரே வைத்தால் எப்படி? சரி, பார்க்கலாம்.

நமக்குப் பழக்கமான கொண்டாட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு மேடை, ஒரு பொன்னாடை, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நினைவுப் பரிசு. "இவரைப் பற்றிப் பேச இந்த ஒரு நாள் போதாது" என்று ஆரம்பிக்கும் வாழ்த்துரை. பேசுகிறவர் பின்னட்டையைத் தாண்டிப் போயிருக்க மாட்டார். எழுதியவருக்கு இது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். ஆனாலும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பாவம்.

நான் பல வருடங்களாக எல்லோரிடமும் சொல்லி, வீட்டிலும் திட்டு வாங்கிய ஒரே விஷயம் இதுதான். ஒருவர் எழுதியதைப் படித்தீர்களா? உங்களைப் பிடித்து நிறுத்தியது எந்த இடம் என்று அவரிடம் சொல்லுங்கள். "அருமை" என்று சொன்னால் நல்லதுதான், ஆனால் அது படிக்காமலேயே சொல்லக்கூடிய சொல். எந்த இடம்? மாமியார் கதவைச் சாத்தாமல் போனாளே, அந்த இடமா? அப்பா பஸ் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாரே, அதுவா? அதைச் சொன்னால் போதும். எழுதியவருக்கு அடுத்த ஒரு வாரத்துக்குப் பசிக்காது.

நூலகத்தில் இதை நான் வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைக்க வேண்டும். பக்கம் கிழிந்திருக்கிறதா, நடுவில் சினிமாப் படத்துக்காக யாராவது கத்தரி போட்டிருக்கிறார்களா என்று பார்ப்போம். நாவல்கள் என்றால் ஓரத்தில் பென்சில் எழுத்து நிச்சயம் இருக்கும். "இவனை நம்பாதே!" என்று கதாநாயகிக்கு ஒருவர் எச்சரிக்கை எழுதியிருப்பார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், "எனக்கும் அப்போதே தோன்றியது." அதற்கும் கீழே மூன்றாமவர், "இருவரும் அவசரப்பட வேண்டாம், கடைசி அத்தியாயம் வரை பொறுங்கள்." இந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒரே ஊர், ஒரே புத்தகம், வெவ்வேறு மாதங்கள். ரப்பரால் அழித்துவிட வேண்டும் என்பது விதி. அழித்தேன். எல்லாவற்றையும் படித்த பிறகு அழித்தேன்.

இன்றைக்கு இணையத்தில் ஒரு தொடர்கதையின் கீழே வாசகர்கள் எழுதுகிறார்களே, அதைப் பார்க்கும்போது எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. அதே சண்டை, அதே எச்சரிக்கை, அதே "பொறுங்கள்". ஒரே வித்தியாசம், இங்கே எழுதியவரும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்.

தொடர்கதை என்பதே தமிழில் நேற்று வந்த பழக்கம் அல்ல. ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893இல் 'விவேக சிந்தாமணி' இதழில் மாதாமாதம் வரத் தொடங்கியது. அப்போது அவருக்கு இருபத்தொரு வயதுதான் இருக்கும். நம் நாவலின் ஆரம்ப காலத்திலேயே, அடுத்த இதழ் எப்போது வரும் என்று காத்திருக்கும் வாசகர்கள் வந்துவிட்டார்கள். பிறகு கல்கி. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே மாதம் வரைக்கும், மூன்றரை வருடம் வாரா வாரம் வந்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனையோ. இந்த வானொலியைக் கேட்கிறவர்களில் சிலர் வீட்டுப் பரணில் இப்போதும் இருக்கும். போய்ப் பாருங்கள், ஆனால் நான் பேசி முடித்த பிறகு.

கதை முடிந்ததும் என்ன நடந்தது தெரியுமா? வாசகர்கள் விடவில்லை. இப்படித் திடீரென்று முடித்துவிட்டீர்களே, நந்தினி என்ன ஆனாள், வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் நடந்ததா இல்லையா என்று கேள்வி மேல் கேள்வி. கல்கி அதற்காகவே ஒரு முடிவுரை எழுதி, கேள்விகளை வரிசைப்படுத்திப் பதில் சொன்னார். இன்று அச்சில் கிடைக்கும் ஐந்தாம் பாகத்தின் கடைசியில் அது இருக்கிறது. நிறையப் பேர் அதைத் தாண்டிப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நான் சொல்கிறேன், அந்த முடிவுரையில் பாதி வாசகர்கள் எழுதியது. அவர்கள் பொத்தாம்பொதுவாக "அற்புதம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பக்கங்கள் நமக்குக் கிடைத்திருக்காது. எந்த இடம் என்று சொன்னார்கள், கிடைத்தது.

இந்த இடத்தில் வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் என்று நான் சொன்னதும் என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பார்கள்.

1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். நான் தப்பாகச் சொல்லவில்லை, ஐந்தரைதான். திருவல்லிக்கேணியில் புகுந்த வீடு. பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் கதை சொல்ல வரும். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குச் சொல்ல ஆரம்பித்து, பிறகு பெரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள் என்பார்கள். கணவர் பார்த்தசாரதி அவரை நாடகங்களுக்கு அழைத்துப் போவார். பார்க்கப் பார்க்க, நாமும் ஒன்று எழுதினால் என்ன என்று இவருக்கு ஆசை வந்துவிட்டது. எழுத வேண்டும். எழுதத்தான் தெரியாது! என்ன செய்தார்? பட்டம்மாள் என்ற தோழியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இவர் வாயால் சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். அப்படி உருவானது 'இந்திர மோகனா' என்ற நாடகம். 1924இல் அச்சில் வந்தது. அந்தப் பட்டம்மாளிடமே பிறகு எழுதப் படிக்கவும் கற்றுக்கொண்டார்.

எனக்கு இதில் பட்டம்மாளைத்தான் ரொம்பப் பிடிக்கும். யோசித்துப் பாருங்கள். கோதைநாயகியின் முதல் வாசகி அவர்தான். ஒருத்தி சொல்கிறாள், இன்னொருத்தி எழுதுகிறாள். எழுதுகிற கை ஓர் இடத்தில் தயங்கினால், சொல்கிறவளுக்கு அது கண்ணுக்கு நேரே தெரியும். எழுதுகிறவள் சிரித்தால் அந்த வசனம் பலித்துவிட்டது. இப்படி ஒரு வாசகி எந்த எழுத்தாளருக்குக் கிடைப்பாள்! பட்டம்மாள் தனியாக ஏதாவது எழுதினாரா, பெயர் வாங்கினாரா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் இவர் இல்லை.

அப்புறம் நடந்தது பெரிய கதை. நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை 1925இல் கோதைநாயகி வாங்கினார். அதில் தன் நாவல்களைத் தொடராக எழுதினார். வீட்டுப் பெண்கள் காத்திருந்து படித்தார்கள். பெண் எழுதுவதா, அதுவும் நாவலா என்று கேலியும் எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனார். முப்பது வருடங்களுக்கும் மேலாகப் பத்திரிகை நடந்தது, நாவல்கள் மட்டும் நூற்றுக்கு மேல். நடுவில் கள்ளுக்கடை மறியல், சிறை. சிறைக்குள்ளும் எழுதினார். நல்ல பாடகி வேறு. 1960இல் காலமானார். இலக்கிய விமரிசகர்கள் அவரை அதிகம் மதிக்கவில்லை. குடும்பக் கதை, பெண்கள் படிப்பது, அவ்வளவுதான் என்று ஓரமாக வைத்துவிட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், இன்று இணையத்தில் தமிழில் நாவல் எழுதுகிறவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் பெண்கள். அடுப்படி வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டித் தட்டியே ஒரு முழு நாவலை எழுதிவிடுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று அத்தியாயம். படிக்கிறவர்கள் அதை 'யூடி' என்கிறார்கள், அப்டேட் என்பதன் சுருக்கம். "சிஸ், அடுத்த யூடி எப்போ?" என்று ஒருவர் துபாயிலிருந்து கேட்பார், ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து, ஒருவர் டொரண்டோவில் பனிக்கு நடுவே பஸ்ஸுக்கு நின்றுகொண்டு. கதை முடிந்தபின் மறுபடி முதலிலிருந்து போட்டால் அது 'ரீரன்'. சில போட்டிகளில் எழுதியவர் பெயரை மறைத்துவிடுவார்கள், நடையை வைத்தே இது இன்னார்தான் என்று வாசகர்கள் பந்தயம் கட்டுவார்கள். பெயரைப் பார்க்காமல் எழுத்தைப் பார்ப்பது. பல்கலைக்கழகத்தில் பாடமாக வைக்கிற பயிற்சி இது.

இவர்களையும் அதே வார்த்தையில்தான் ஓரம் கட்டுகிறார்கள். குடும்பக் கதை, பெண்கள் படிப்பது. நூறு வருடத்தில் வசவை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அதற்காக எல்லாம் பிரமாதம் என்று நான் சொல்லவில்லை. பணக்காரக் கதாநாயகன், கட்டாயத் தாலி, முதல் பாதி முழுக்க அவளை அழ வைத்துவிட்டுப் பின்பாதியில் உருகுவது. 'ஆன்டி ஹீரோ' என்று இதற்கு ஒரு பெயரும் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கன்னத்தில் அறைகிறவனுக்கு எதற்கு அம்மா இத்தனை இதயப் பொம்மைகள்? இங்கேயும் நான் சொல்வது அதுதான். உறுத்தினால், எந்த இடம் உறுத்தியது என்று சொல்லுங்கள். "எட்டாம் அத்தியாயத்தில் அவள் ஏன் திரும்பிப் போனாள், எனக்கு ஒப்பவில்லை" என்று ஒருத்தி எழுதினால், எழுதுகிறவள் அன்று இரவு தூங்க மாட்டாள், ஆனால் ஒன்பதாவது அத்தியாயம் வேறு மாதிரி வரும். கெடுதலாகப் பேசாமல் கறாராகப் பேசலாம்.

இணையத்தில் இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்று 2014 புத்தாண்டு அன்று தொடங்கி, தினம் ஓர் அத்தியாயமாக 2020 ஜூலை வரை எழுதினார். இருபத்தாறு நாவல்கள். அதைத் தினமும் காலையில் எழுந்ததும் படித்துவிட்டு, விவாதித்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் இருந்தார்கள். குடும்ப நாவல் வாசகிக்கும் இவர்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனால் காத்திருப்பதில் இரண்டு பேரும் ஒரே ஜாதி.

பழைய புத்தகங்களைத் தட்டச்சு செய்தும் ஸ்கேன் செய்தும் ஏற்றுகிறவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் ஆரம்பித்தது. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 'நூலகம்' என்ற இணையதளம் 2005இலிருந்து வேலை செய்கிறது. இரண்டும் தன்னார்வலர்கள் தொடங்கிய முயற்சிகள். இதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் ஓடுகிறது.

ஒன்றை மட்டும் விட மாட்டேன். ஒரு கதையை முழுதாகப் படித்து, அழுது, புகழ்ந்துவிட்டு, கடைசியில் "பிடிஎஃப் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள் பாருங்கள். எழுதியவர் அதை மின்னூலாகப் போட்டிருப்பார், ஒரு காபி விலைதான் இருக்கும். அல்லது புத்தகமாக வந்திருக்கும். அதை வாங்காமல் வாட்ஸ்அப் குழுவில் திருட்டுப் படி தேடுவது, அதையும் அவரிடமே கேட்பது! முடியாதவர்கள் நூலகத்துக்கு வாருங்கள், வேண்டிய புத்தகத்தை வாங்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குத்தான் நூலகம்.

புது நாவல்கள் என்று ஐந்து புத்தகங்களைப் பையில் போட்டு எடுத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிகழ்ச்சி அமைப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம்தான் போலிருக்கிறது.

தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்', 2023இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. கொங்குப் பக்கத்துக் குடிநாவிதர் குடும்பம் ஒன்று. காரு மாமா என்பவர் இறந்துபோகிறார், சாவு வீட்டுக்குச் சொந்தங்கள் வந்து சேர்கிறார்கள். மெலிந்த புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அடுத்தது இமையத்தின் 'செல்லாத பணம்', 2020இல் அதே பரிசு. தீக்காயப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் ஒரு குடும்பம். இதை இரவில் தனியாகப் படிக்காதீர்கள். மூன்றாவது மு. ராஜேந்திரனின் 'காலா பாணி'. சிவகங்கையின் வேங்கை பெரிய உடையணத் தேவரையும் அவருடன் இருந்தவர்களையும் 1802இல் கப்பலில் ஏற்றிப் பினாங்குக்கு நாடு கடத்திய கதை. சரித்திரக் கதை பிடிக்கும் உங்கள் அப்பாவுக்கோ மாமாவுக்கோ கொடுங்கள்.

இப்போது ஒரு விரல்தான் தெரிகிறது. மீதி இரண்டும் முதல் நாவல் எழுதிய இளைஞர்களுடையவை. பெயரை மட்டும் அவசரமாகச் சொல்லிவிட்டு ஓடினால், இவ்வளவு நேரம் நான் பேசியதற்கு நானே எதிராகிவிடுவேன். மறுபடி அழைத்தால் அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன், கோதைநாயகி அம்மாளைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். வணக்கம்.