ஃபைண்டர் எங்கே பார்க்கிறது? உப்புவெளிக் கரையில் ஒரு மாலை வேலை

[காட்சி: மாலை, திருகோணமலை உப்புவெளிக் கடற்கரை. மணலில் பலகை, அதன்மேல் 6 அங்குல டொப்சோனியன் தொலைநோக்கி.]

வணக்கம். தொலைநோக்கி வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "அண்ணை, சாமான் பழுது, ஒன்றும் தெரியவில்லை." போய்ப் பார்த்தால் ஆடியில் ஒரு குறையும் இருக்காது. மேலே இருக்கிற இந்தச் சின்னக் குழாய், ஃபைண்டர், வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

பெரிய குழாயின் குவியத்தூரம் 1200 மில்லிமீற்றர். 10 மில்லிமீற்றர் கண்வில்லை போட்டால் 120 மடங்கு. அப்போது தெரிகிற வானம் அரைப் பாகைக்கும் குறைவு, முழுநிலவுகூட அடங்காது. அவ்வளவு சின்னத் துவாரத்தால் சனியைத் தேடிப் பிடிக்க முடியாது. 6 மடங்கு ஃபைண்டரில் ஏறக்குறைய 7 பாகை தெரியும். அதில் பிடித்து இதில் பார்ப்பதுதான் முறை. இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

[காட்சி: ஃபைண்டர் தாங்கி, மிக அருகில்.]

பூட்டுவதில் பெரிய வேலை இல்லை. தாங்கியின் கால் இந்தத் தவாளிப்பில் கடைசிவரை போய் உட்காரட்டும், பிறகு திருகாணியை இறுக்குங்கள். குழாய் வளையத்தின் நடுவில் நிற்கவேண்டும்; ஓரமாக நின்றால் பின்னர் திருப்ப இடம் போதாது. இங்கே உப்புக் காற்று. சாதாரண இரும்புத் திருகாணி துருவேறி அசையாமல் போய்விடும். நான் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றிவிட்டேன்.

அப்புறம், படம் மங்கலாக இருந்தால் முன்வில்லைக்குப் பின்னால் இருக்கிற பூட்டு வளையத்தைத் தளர்த்தி, முன்வில்லையைத் திருப்பித் தெளிவாக்குங்கள். இந்த வகை ஃபைண்டரில் பலருக்கும் தெரியாத இடம் இதுதான்.

[காட்சி: கடற்கரைக்கு அப்பால், தென்கிழக்கே கோணேசர் மலை.]

இனி நேர்ப்படுத்துவது. என் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் வீட்டு முற்றத்தில் வைத்து, 20 மீற்றருக்கு அப்பால் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் குறியாக எடுத்தேன். இரண்டிலும் தொட்டியின் மூடி நடுவில் வந்தது. இரவில் வியாழன் வரவேயில்லை. நான்கு இரவு அப்படிப் போனது.

காரணம் இதுதான். இரண்டு குழாய்க்கும் நடுவில் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் இடைவெளி. 20 மீற்றர் தூரத்துக் குறியில் இரண்டும் சந்திக்கவேண்டுமென்றால் ஒன்றையொன்று நோக்கிச் சாயவேண்டும். அந்தச் சாய்வு அரைப் பாகைக்கும் சற்று மேல், அதாவது ஒரு முழுநிலவு அகலம். என் கண்வில்லையில் தெரிகிற வானமே அதைவிடக் குறைவு. பிறகு எப்படி வரும்? அதே குறி ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருந்தால், பிழை நிலவின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்குதான்.

போட்டித் துப்பாக்கியில் பார்வைக்குழாய் பூட்டுகிறவர்களும் இதே திருகாணி வேலையைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் 100 மீற்றர் என்பதுபோல் ஒரு தூரத்தை முடிவுசெய்து அதற்கு நேர்ப்படுத்துவார்கள். குண்டு போகப்போகத் தாழும் என்பதால் தூரம் மாறினால் கணக்கும் மாறும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. எவ்வளவு தூரக் குறி கிடைக்கிறதோ, அவ்வளவு நல்லது.

சரி, இங்கிருந்து மலைமேல் இருக்கிற கோணேசர் கோயில் ஏறக்குறைய 4 கிலோமீற்றர். முதலில் 25 மில்லிமீற்றர் கண்வில்லையில் கோயிலின் உச்சியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பெரிய குழாயை இனி அசைக்கவேண்டாம். ஃபைண்டரில் பாருங்கள், படம் தலைகீழாக இருக்கும். ஒரு திருகாணியைத் தளர்த்திய பிறகே எதிர்த் திருகாணியை இறுக்கவேண்டும். குறுக்குக் கோடு உச்சியில் வந்ததும் 10 மில்லிமீற்றருக்கு மாற்றி மீண்டும் ஒருமுறை. நண்பகலில் இதைச் செய்யாதீர்கள். கச்சான் காற்றுக் காலத்தில் சூடேறிய மணலுக்கு மேலே கோயிலே நெளிந்து தெரியும். கடற்படை முகாம் பக்கம் குழாயைத் திருப்பவும் வேண்டாம்.

சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள். 2019 டிசம்பர் 26 கங்கண சூரிய கிரகணம் எங்கள் ஊரில் முழு வளையமாகவே தெரிந்தது. அன்று பெரிய குழாய்க்கு வடிகட்டி போட்டிருந்தேன், ஃபைண்டரின் மூடியை மறந்துவிட்டேன். ஒரு சிறுவன் அதில் கண்ணை வைக்கப் போன நேரத்தில் கையால் பொத்தினேன். இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

[காட்சி: இருட்டிவிட்டது. சிவப்பு விளக்கு.]

கடைசித் திருத்தம் விண்மீனில். துருவ நட்சத்திரம் அசையாது, அதை எடுங்கள் என்பார்கள். திருகோணமலையில் அது அடிவானத்திலிருந்து எட்டரைப் பாகைதான். பல இரவுகளில் புகாரில் மறைந்துவிடும். நான் அகத்திய நட்சத்திரத்தை எடுப்பேன். ஏப்ரல் முன்னிரவில் தென்மேற்கில் நிற்கும். தெற்கே தள்ளி இருப்பதால் பல விண்மீன்களைவிட மெதுவாக நகரும், திருகாணியோடு மல்லுக்கட்ட நேரம் கிடைக்கும்.

நேராகிவிட்டதா? இப்போது ஏப்ரல், இரவு ஒன்பது மணி. தென்கிழக்கில் ஃபைண்டரை மெல்ல நகர்த்துங்கள். ஒரு மங்கலான பஞ்சுப் பொட்டு வரும், அதைக் குறுக்குக் கோட்டில் வையுங்கள். அது ஒமேகா சென்டாரி, ஏறக்குறைய 17,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற விண்மீன் கொத்து. இலண்டனில் இருப்பவர்களுக்கு அடிவானத்துக்கு மேலே வரவே வராது.

சரி, இப்போது பெரிய குழாயில் கண்ணை வையுங்கள்.