கெடுக்க ஒரு துண்டு இரும்பு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வாரத்துக்கு ஒரு நாள் கிடைக்கிற லீவையும் எங்களுக்காக விட்டுக்கொடுத்து இந்த மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் கோயம்புத்தூர் பட்டறைக்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'லேத் பட்டறையில் பையன்கள் நிலைக்காததற்குக் காரணம் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் அவசரமா, கற்றுத்தர வேண்டியவர்களின் மௌனமா?' இதுதான் தலைப்பு. லேத் என்றால் இரும்பைச் சுழலவிட்டு டூலால் கடைகிற மிஷின், பையன் என்றால் அதில் தொழில் கற்க வருகிறவன். மௌனம்தான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமை இல்லையாம், எந்நேரமும் கையில் செல்போனாம், ஐ.டி.ஐ. சான்றிதழை வைத்துக்கொண்டு துடைப்பத்தைத் தொட மாட்டேன் என்கிறார்களாம், லேசாகச் சத்தம் போட்டால் மறுநாள் ஆள் வருவதில்லையாம். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று பழமொழி வேறு. ஐயா, எங்கள் பட்டறையில் அடிக்கிற மூத்த தொழிலாளியையே அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தப் பழமொழி எங்களிடம் செல்லாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையன்கள் பக்கம் பேசுவதால் நான் பையன் இல்லை. லேத்தில் நின்று இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, என்னிடமே இப்போது இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். ஆகவே இன்றைக்கு நான் குற்றம் சொல்லப் போகிற கூட்டத்தில் நானும் ஒரு ஆள்தான்.

அப்புறம், திட்டுவது தப்பு என்று நான் வாதாட வரவில்லை. ஜாப்பை, அதாவது வெட்டுகிற இரும்பை, இறுக்கிப் பிடிக்கிற சக்கிலேயே அதன் சாவியை விட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டால் அந்தச் சாவி துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். கையுறை போட்டுக்கொண்டு ஓடுகிற ஜாப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் கையுறை மட்டும் சுற்றிக்கொள்ளாது, கையும் சேர்ந்து போகும். அந்த நேரத்தில் அண்ணன் போடுகிற சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தாலும் சரிதான், அதற்காக எந்தப் பையனும் வேலையை விட்டுப் போனதில்லை. திட்டினவரை மறந்துவிடுகிறான். சொல்லித்தராதவரைத்தான் மறப்பதில்லை. எனக்கு இன்னும் மறக்கவில்லை, அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பத்தாவது முடித்ததும் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். பேர் வேண்டாம், ஓனர் நல்ல மனுஷன். இரண்டு வருஷம் நான் செய்த வேலை: காலையில் வந்து இரும்புச் சுருள் அள்ளுவது, டீ வாங்கி வருவது, கூலன்ட் கலக்குவது, அறுத்துப் போட்ட ராடுக்கு அரம் போட்டுப் பிசிறு எடுப்பது, மிச்ச நேரத்தில் அண்ணன் பக்கத்தில் நின்று பார்ப்பது. "பார்த்துக் கத்துக்கோ" என்பார். சரி என்று நானும் பார்த்தேன். அண்ணன் மரை வெட்டும்போது இமைகூடத் தட்டாமல் பார்த்தேன். ஒரு வெட்டு போகும், முடிகிற இடத்தில் டூலை வெளியே இழுத்து ஹாஃப் நட் லீவரைத் தூக்குவார், டூலைச் சுமக்கிற கேரேஜ் தன்னை ஓட்டுகிற திருகுக் கம்பியிலிருந்து விடுபடும், அதைக் கையாலேயே ஓட்டித் திரும்பக் கொண்டுவருவார், எங்கே மறுபடி பிடிப்பது என்று காட்டுகிற டயலில் எண் வரும்வரை காத்திருந்து லீவரைத் தட்டுவார், டூல் போன வழியிலேயே மறுபடி போகும். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்துகாட்டுவேன் என்கிற அளவுக்கு மனப்பாடம்.

மூன்றாவது வருஷம் அண்ணன் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அவசரமாக ஒரு போல்ட் வந்தது. எம் 20, அதாவது 20 மில்லி விட்டம், மரைக்கு மரை 2.5 மில்லி. ஓனர் என்னைப் பார்த்தார். "என்ன கண்ணு, போட்டுருவியா?" நான் போட்டுருவேன் என்றேன். கியர் மூடிக்கு உள்பக்கம் இருந்த அட்டவணையைப் பார்த்து, 127 பல் சக்கரத்தைத் தேடி எடுத்து, நானே மாட்டினேன். முதல் வெட்டு மயிரிழை மாதிரி விழுந்தது. மரைக்கு மரை தூரம் பார்த்தேன், சரி. லீவரைத் தூக்கினேன், கேரேஜை ஓட்டினேன், டயலைப் பார்த்து லீவரைத் தட்டினேன், எல்லாம் அண்ணன் செய்கிற மாதிரியேதான். இரண்டாவது வெட்டு முதல் கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. மூன்றாவது இன்னொரு பக்கத்தில். ஒரே நோட்டில் மூன்று பேர் எழுதின மாதிரி ஆகிவிட்டது போல்ட்.

திங்கட்கிழமை அண்ணன் வந்தார். போல்ட்டைக் கையில் எடுத்துப் பட்டறை முழுக்கக் காட்டினார். "இவனுக்கே மரை கழண்டு கிடக்குது, இவன் மரை வெட்டுறானாமா!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. ராடுக்கான காசைச் சம்பளத்தில் பிடித்தார்கள். அப்புறம் அவர் புது ராடு போட்டு வெட்டினார். அன்றைக்கு லீவரைத் தூக்கவே இல்லை. முடிகிற இடத்தில் டூலை வெளியே இழுத்தார், மோட்டாரை ரிவர்ஸில் போட்டார், கேரேஜ் தானாகத் திரும்பி வந்தது. ஏனுங்ணா, இதுக்கு மட்டும் லீவரைத் தூக்கலை என்று கேட்டேன். "பார்த்துக் கத்துக்கோடா."

நடுவர் அவர்களே, இரண்டு வருஷம் பார்த்தேனே. பட்டறைக்கு அதுவரை வந்ததெல்லாம் இஞ்ச் கணக்கு மரை. லேத்தின் லீட் ஸ்க்ரூவும், அதாவது கேரேஜை ஓட்டுகிற அந்தத் திருகுக் கம்பியும், இஞ்ச் கணக்கு. அங்கே லீவரைத் தூக்கலாம், டயலைப் பார்த்துத் திரும்பப் பிடிக்கலாம். அதே லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்டினால் டயலில் எந்தக் கோட்டில் பிடித்தாலும் பழைய வழி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் வேலை முடிகிறவரை ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. இதைக் கண் எப்படிப் பார்க்கும்? ஒருவர் லீவரைத் தூக்குவது தெரியும், தூக்காமல் விடுவது தெரியும், ஏன் தூக்கவில்லை என்பது அவர் மண்டைக்குள்ளே அல்லவா இருக்கிறது! "மில்லி மரை வந்தா லீவரைத் தூக்காதே, மோட்டாரைத் திருப்பு." ஒரே ஒரு வரி. டீ ஆறுவதற்குள் பத்து தரம் சொல்லலாம்.

இதோ, பையிலேயே ஒரு ஆறு இஞ்ச் ஸ்கேல் கொண்டுவந்திருக்கிறேன். டூல் நுனி ஜாப்பின் சென்டர் உயரத்தில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மிஷினை நிறுத்தி, ஜாப்புக்கும் டூல் நுனிக்கும் நடுவில் இந்த ஸ்கேலை வைத்து லேசாக அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்கேல் நெட்டுக்குத்தாக நின்றால் சென்டர் சரி, சாய்ந்தால் டூல் ஏறியோ இறங்கியோ இருக்கிறது. முடிந்தது. இந்தப் பத்து செகண்ட் பாடத்தை நான் கற்றது என் பட்டறையில் இல்லை, ஆவாரம்பாளையத்தில் ஒரு டீக்கடை வாசலில், வேறொரு பட்டறையின் வயசான டர்னர் ஒருவரிடம். அவருக்கு நான் யாரென்றே தெரியாது. யாரென்று தெரியாததால்தான் சொல்லித்தந்தாரோ என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் தன் பட்டறைப் பையனுக்கு அவரும் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஜி.டி. நாயுடுவை இழுத்தார். நம்மூர் மேடையில் அவர் பேரைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம், எனக்கும் தட்டத் தோன்றியது. 1893-ல் கலங்கலில் பிறந்தவர், வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கி, அக்கக்காகக் கழற்றித் தானே தொழில் கற்றுக்கொண்டார், அவருக்கு எந்த அண்ணன் சொல்லித்தந்தார் என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் நண்பரே, நடுவில் ஒரு வார்த்தையை வேகமாகத் தாண்டிவிட்டீர்கள். வாங்கினார். வண்டி அவருடையது! கழற்றலாம், கெடுக்கலாம், மாட்டத் தெரியாமல் ராத்திரி முழுக்க முழிக்கலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை, யாருடைய சம்பளத்திலும் பிடிக்க மாட்டார்கள். என் பையனுக்குக் கெடுக்க ஒரு துண்டு இரும்பு உண்டா? பட்டறையில் இருக்கிற ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவருடைய ஆர்டர். இன்னொன்றும் சொல்கிறேன், அதே நாயுடுதான் நாலு வருஷத் தொழில்நுட்பப் படிப்பு பையன்களின் காலத்தை வீணடிக்கிறது, இரண்டு வருஷம் போதும் என்று சொல்லிக் கல்லூரி முதல்வர் பதவியையே விட்டு விலகினவர். மூன்று வருஷமாகச் சுருள் அள்ளுகிற பையனைப் பார்த்தால் அவர் எந்த அணியில் உட்கார்ந்திருப்பார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, எதிரணி சொன்னதில் வலுவான விஷயம் ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போனால் நான் நேர்மையில்லாதவன். அண்ணனுக்கு பீஸ் கணக்கில் கூலி. பையனுக்குச் சொல்லித்தருகிற அரை மணி நேரத்தில் ஐந்தாறு பீஸ் போய்விடும், பையன் கெடுத்தால் கெட்ட பேர் அவருக்கு, கற்றுக்கொண்டவன் நாளைக்கே பக்கத்துப் பட்டறையில் நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று போய்விடுவான். எல்லாம் நிஜம். ஐம்பது வயசில் அண்ணனிடம் என்ன இருக்கிறது? சின்னப் பட்டறையில் பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது, கண்ணும் மங்க ஆரம்பித்துவிடும். அவரிடம் இருக்கிற ஒரே சொத்து கைத்தொழில். அதனால்தான் டூல் சாணை பிடிக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு பிடிக்கிறார். சாணைக்கல்லில் பொறி பறப்பதும், நடுநடுவே டூலைத் தண்ணீரில் முக்குகிற 'சுர்' சத்தமும்தான் நமக்குக் கிடைக்கும், எந்தக் கோணத்தில் பிடித்தார் என்பது அவர் சட்டைக்கு அந்தப் பக்கம். பிடித்து முடித்ததும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளச் சொல்கிறீர்கள்.

அவர் பயத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அது யார் பக்கத்துக் கணக்கு? பீஸ் கணக்கு போட்டவர் ஓனர், அதற்குள் மாட்டிக்கொண்டவர் அண்ணன், இருவருமே கற்றுத்தருகிற பக்கம். சொல்லித்தருகிற நேரத்துக்கும் கூலி போடுங்கள் என்று அண்ணன் கேட்டிருக்கலாம், கேட்காவிட்டாலும் ஓனர் போட்டிருக்கலாம். இரண்டும் நடக்காமல், நட்டத்தைத் தூக்கிப் பதினாறு வயசுப் பையனின் தலையில் வைத்து அதற்குப் பொறுமை என்று பேர் வைத்துவிட்டோம்.

சட்டமெல்லாம் இருக்கிறது. 1961-லேயே அப்ரன்டிஸ் சட்டம் வந்துவிட்டது. 30 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற இடங்கள் அப்ரன்டிஸ் எடுத்தே ஆக வேண்டும், மாத உதவித்தொகை படிப்புக்குத் தகுந்தபடி குறைந்தது 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று 2019-ல் விதியையும் திருத்தினார்கள். அந்தச் சட்டப்படி அப்ரன்டிஸ் என்பவன் தொழிலாளி இல்லை, கற்றுக்கொள்பவன். பட்டறையில் நாள் முழுக்க அவன் தொழிலாளி, கற்றுக்கொள்பவனே இல்லை, சம்பளக் கவரைக் கொடுக்கிற நேரத்தில் மட்டும் சட்டத்தின் வார்த்தை எங்கிருந்தோ ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அதிலும் நாலு பேர், ஐந்து பேர் வேலை செய்கிற பட்டறைக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. கணபதியிலும் பீளமேட்டிலும் சந்துக்குச் சந்து இருப்பது அந்த மாதிரிப் பட்டறைகள்தான், அங்கே பையன் என்ன கற்றான் என்று கேட்க ஒரு நாதி கிடையாது.

கடைசியாகச் செல்போனுக்கு வருகிறேன். எதிரணி அதை அந்த வாங்கு வாங்கியது. போன வருஷம் என் பட்டறையில் மில்லி மரை வேலை ஒன்று வந்தது. என் சின்னப் பையன் சக்கரத்தை மாட்டிக்கொண்டே கேட்டான்: "ஏனுங்ணா, எல்லாச் சக்கரமும் 40, 60, 80-ன்னு இருக்குது, இது மட்டும் ஏன் 127?" நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? "வேலையைப் பாருடா." ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்குத் தெரியாது, அதனால் சொன்னேன். இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் சக்கரத்தை மாட்டிக் கழற்றியிருக்கிறேன், ஏன் 127 என்று தெரியாது! என் அண்ணனுக்கும் தெரிந்திருக்காது என்று அன்றைக்குத்தான் உறைத்தது, பாவம், அவர் மௌனத்தில் பாதி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் பையன் அந்தப் பாழாய்ப்போன செல்போனைக் கொண்டுவந்து காட்டினான். ஒரு இஞ்சுக்கு 25.4 மில்லிமீட்டர், அதை ஐந்தால் பெருக்கினால் 127, முழு எண். பாதிப் பல்லு வைத்துச் சக்கரம் செய்ய முடியாது, அதனால் இஞ்ச் கணக்கைப் பிசிறில்லாமல் மில்லிக் கணக்குக்கு மாற்ற 127 பல். பதினெட்டு வயசுப் பையன் எனக்குச் சொல்லித்தருகிறான். பதில் சொல்ல வாய் வரவில்லை எனக்கு. அவனோ என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, பட்டறை முழுக்கத் தூக்கிக்காட்டவும் இல்லை.

மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது, ஒரு நிமிஷம். அன்றைக்குப் பட்டறை மூலையில் ஒரு டின் வைத்தேன். ராடு அறுத்த மிச்சத் துண்டு எல்லாம் அதில் விழும். சாயங்காலம் அரை மணி நேரம் லேத் பையன்களுடையது, அந்தத் துண்டுகளில் எதை வேண்டுமானாலும் வெட்டலாம், எப்படி வேண்டுமானாலும் கெடுக்கலாம். அந்த அரை மணிக்குக் கரண்ட் செலவு ஆகிறது, நடுவில் ஒரு டூலும் உடைந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் துண்டு வீணாகிறதே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். மாசக் கடைசியில் பழைய இரும்புக்காரர் வந்து டின்னைத் தூக்கித் தராசில் வைக்கிறார், கிலோவுக்கு என்ன விலையோ அதே விலைதான் கொடுக்கிறார். மரை சரியாக விழுந்திருக்கிறதா, மூன்று கோடாக விழுந்திருக்கிறதா என்று அவர் இதுவரை ஒருதரம்கூடக் கேட்டதில்லை. நன்றி, வணக்கம்.