இறக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் குன்னூரில் ஒரு தேயிலை பேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடமாகக் குன்னூரிலிருந்து வெலிங்டன், அருவங்காடு, கேத்தி வழியாக உதகை வரைக்கும் ஓடுகிறேன். ஏறக்குறைய 400 மீட்டர் ஏற்றம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்கள் தரும் பணம், என் மகனுக்கு இருக்கும் நோயே உள்ள மற்ற பிள்ளைகளுக்குப் போகிறது.

ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு 43 படி. நாலு வயதில் இவன் அந்தப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைத்துத்தான் இறங்குவான். தரையில் உட்கார்ந்தால் சட்டென்று எழ முடியாது. கையை ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கி, முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று தன் உடம்பைப் பிடித்துத் தானே ஏறி நிற்பான். தாத்தா மாதிரி எழுந்திருக்கிறான் என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். கெண்டைக்கால் வேறு உருண்டு திரண்டு இருக்கும். "பையன் நல்லா பலமா இருக்கான் கண்ணு, சில பிள்ளைக்கு நடை லேட்டாத்தான் வரும்" என்றார் என் மாமியார். நானும் நம்பினேன்.

காய்ச்சலுக்குப் போன இடத்தில் ரத்தம் எடுத்தார்கள். கல்லீரலைப் பார்க்க எடுக்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் அதிகம். கல்லீரலில் கோளாறு என்று ஏறக்குறைய ஒரு வருடம் மருந்து கொடுத்தோம். அந்த இரண்டும் தசை சிதைந்தாலும் ரத்தத்தில் ஏறும் என்று எங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. பிறகு கோவையில் ஒரு டாக்டர், இவன் தரையிலிருந்து எழுவதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, தசை சிதைகிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் சிபிகே சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். 200-க்குள் இருக்க வேண்டியது 14,000 இருந்தது. டுஷேன் தசைச் சிதைவு நோய். பலம் என்று நாங்கள் நினைத்த அந்த உருண்ட கெண்டைக்காலும் இதன் அடையாளம்தான். 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது.

ஓட ஆரம்பித்த புதிதில், பயிற்சிக்காக உதகையிலிருந்து குன்னூருக்கு இறங்கி ஓடினேன். இறக்கம்தானே, சுலபம் என்று நினைத்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் காலையில் வீட்டுப் படியில் கால் வைத்தால் தொடை இரண்டும் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்து, பக்கவாட்டில், ஒவ்வொரு காலாக இறங்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். என் மகன் இறங்குகிற மாதிரியேதான் நான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

இவனுடைய பிசியோதெரபிஸ்டிடம் சொன்னேன். இறங்கும்போது தொடைத் தசை நம் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது, அதில்தான் அடி அதிகம் என்றார். நமக்கு டிஸ்ட்ரோபின் என்கிற புரதம் தசைச் செல்லைச் சுற்றிய மெல்லிய சவ்வுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. கிழிந்தாலும் ஒரு வாரத்தில் ஆறிவிடும். இவன் உடம்பில் அந்தப் புரதம் உருவாவதே இல்லை. வீட்டுப் படி இறங்குவதுகூட இவனுக்கு நான் ஓடிய ஓட்டம் மாதிரி. மலையில் பிறந்த பிள்ளைக்கு மலை இறக்கம் ஆகாது. அன்றிலிருந்து படியில் இவனைத் தூக்கிக்கொண்டுதான் இறங்குகிறோம். நான் ஓடுவதும் ஏற்றத்தில் மட்டும்தான்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது, ஆண் பிள்ளைக்குத் தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் மரபணுவின் பிழை. "உன் வழியாத்தான் வந்துச்சு" என்று என்னிடமும் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குத் தாயிடம் அந்தப் பிழையே இருப்பதில்லை, புதிதாக வருகிறது. என்னிடம் இருக்கிறது. அது நான் செய்த தப்பு இல்லை. தெரிந்துகொண்டதால் என் தங்கையும் சோதனை செய்துகொண்டாள். இந்தப் பிழையைச் சுமக்கும் பெண்களுக்கு இதயமும் பலவீனமாகலாம் என்பதால் நான் அதையும் தவறாமல் பார்த்துக்கொள்கிறேன்.

நோயைத் தீர்க்க மருந்து இல்லை. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையைச் சரியான வயதில் ஆரம்பித்தால் இன்னும் சில வருடம் நடக்க முடியும். அதை டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. அதனால்தான் சொல்கிறேன், பையன் அடிக்கடி விழுந்தால், தொடையைப் பிடித்து எழுந்தால், ஒரு சிபிகே பாருங்கள். தசைச் சிதைவு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் இருக்கிறது. அட்டையும் வாங்கி வையுங்கள். ஓட்டத்தில் சேரும் பணம் மரபணுச் சோதனைக்கும், இரவில் கணுக்காலில் கட்டும் சப்போர்ட்டுக்கும், கோவைக்குப் போய்வரும் வண்டிச் செலவுக்கும் ஆகிறது.

டுஷேன் மரபணுவில் 79 பகுதிகள் என்பதால் 7/9, அதாவது செப்டம்பர் 7-ஐ இந்த நோய்க்கான உலக தினமாக வைத்திருக்கிறார்கள். இந்த வருடமும் அன்றைக்கு ஓடுகிறேன். விடியும் நேரத்தில் காட்டெருமை ரோட்டில் நிற்கும். அது நகரும்வரை நிற்க வேண்டியதுதான்.

இவனுக்கு இப்போது எட்டு வயது. போன வாரம் ஓடிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து என் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தான். கல்லு மாதிரி இருந்தது. தன் காலையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "உனக்கும் என்ன மாதிரியே ஆயிடுச்சும்மா" என்றான், அவ்வளவு சந்தோஷமாக.

வணக்கம்.