ஸ்நோ தள்ளும் சந்தோசம்

(கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு குளிர்காலப் பின்னேரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

குளிர்காலத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் கதைக்கத் தொடங்கினால் அது முறைப்பாடாகத்தான் முடியும். கை விறைக்குது, கார் வழுக்குது, ஐந்து மணிக்கே இருட்டுது. எல்லாம் உண்மை. ஆனால் இன்றைக்கு நான் கதைக்க வந்தது இந்தக் குளிர்காலம் எங்களுக்குத் தருகிற ஒரு சந்தோசத்தைப் பற்றி. இரவு முழுக்கக் கொட்டிய ஸ்நோவைக் காலையில் எங்கள் டிரைவேயிலிருந்து, அதாவது வீட்டு வாசலில் கார் நிற்கிற பாதையிலிருந்து, நாங்களே தள்ளி முடிக்கிற சந்தோசம். அதைச் சின்னச் சந்தோசம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

இந்த ஊரில் நாங்கள் செய்கிற வேலைகளில் பாதி, முடிந்ததா இல்லையா என்றே தெரியாதவை. தொழிற்சாலையில் லைனில் நிற்பவருக்கு அடுத்த பெட்டி வந்துகொண்டே இருக்கும். கணினிக்கு முன்னால் இருப்பவர் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போட்டால் மூன்று வந்து விழும். வீட்டுக் கடனோ இருபத்தைந்து வருடம் ஓடும். டிரைவே அப்படியில்லை. கராஜ் கதவடியில் தொடங்குகிறது, தெருவில் முடிகிறது. கறுப்பாகத் தார் தெரிகிற இடம் நீங்கள் செய்த வேலை. வெள்ளையாகக் கிடப்பது மிச்ச வேலை. மேலாளர் வந்து மதிப்பிட ஒன்றுமில்லை. நிமிர்ந்து திரும்பிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

எவ்வளவு வேலை என்று கணக்குப் பார்ப்போம். இரண்டு கார் நிற்கிற டிரைவே 6 மீற்றர் அகலம், 12 மீற்றர் நீளம் என்று வையுங்கள். 20 சென்ரிமீற்றர் ஸ்நோ கொட்டியிருக்கிறது. அது 14 கன மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. புதிதாக விழுந்த ஸ்நோ கன மீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோ என்று எடுத்தாலே 1,400 கிலோவைத் தாண்டுகிறது. ஒரு காரின் எடையைச் சவளால் அள்ளி ஓரத்தில் வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்க உள்ளே வருகிறோம்! வெப்பநிலை பூச்சியத்துக்குக் கிட்ட இருந்து ஈர ஸ்நோ விழுந்தால் எடை இரண்டு மூன்று மடங்கு. மைனஸ் பத்தில் விழுகிற காய்ந்த ஸ்நோ வேறு விதம், தள்ளினால் தானாக வழுக்கிக்கொண்டு போகும். நாலைந்து குளிர்காலம் தள்ளியவர்கள் முதல் சவளிலேயே அன்றைக்கு எவ்வளவு பாடு என்று சொல்லிவிடுவார்கள்.

இதில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். எங்கே கொட்டுவது? வாகனங்கள் வலப்பக்கமாக ஓடுகிற நாடு இது. வீட்டிலிருந்து தெருவைப் பார்த்து நின்றால், நகரசபையின் ஸ்நோ வண்டி உங்கள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகும். தள்ளிக்கொண்டு வருவதைத் தனக்கு வலப்பக்கம், அதாவது உங்கள் வாசல் பக்கம் ஒதுக்கும். ஆகவே நீங்கள் அள்ளுவதைத் தெருவோரம் இடப்பக்கம் குவித்தால், வண்டி அதையும் வாரிக்கொண்டு வந்து உங்கள் டிரைவே வாயிலேயே போடும். வலப்பக்கம் குவியுங்கள். இடப்பக்கத்தில் தெருவோரமாகக் கொஞ்ச இடத்தையும் வெறுமையாக்கி விடுங்கள். வண்டி தன் சுமையில் ஒரு பகுதியை அந்தக் குழிக்குள் கொட்டிவிட்டு உங்கள் வாசலைத் தாண்டும். வண்டி போனபிறகு வெளியே வந்து, வாசலில் மதில் மாதிரிக் கிடக்கவேண்டியது முழங்காலுக்குக் கீழே கிடப்பதைக் கண்டால் வருகிற திருப்தி இருக்கிறதே, அது அந்த வேலையைத் தானே செய்தவருக்கு மட்டும் உரியது.

அள்ளியதைத் தெருவில் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அனுமதியில்லாமல் தெருவில் ஸ்நோ போடுவது ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். அதைவிட, அந்தக் கட்டியில் ஏறி வழுக்கப்போவது உங்கள் தெருப் பிள்ளையாக இருக்கலாம்.

ஸ்நோவை வாரி ஓரமாக வீசுகிற இயந்திரம், ஸ்நோ புளோவர், வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் சந்தோசத்தில் குறைவில்லை. மொன்றியலுக்குப் பக்கத்தில் 1876இல் பிறந்த ஆர்தர் சிக்கார் என்பவர் உருவாக்கியது இது. கதிரடிக்கிற இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1925இல் வேலை செய்கிற இயந்திரம் ஆனது, 1927இல் மொன்றியலுக்குப் பக்கத்து ஊத்ரமோன் நகரம் ஒன்றை வாங்கியது. எங்கள் கராஜில் நிற்பது அதன் பேரப்பிள்ளை. ஒன்றே ஒன்று: வாய் அடைத்துவிட்டால் எஞ்சினை நிற்பாட்டியபிறகும் கையை உள்ளே விடாதீர்கள். சுழல்தகட்டில் தேங்கி நிற்கிற இழுவிசை கட்டி விலகியதும் ஒரு தடவை சுழற்றும், விரல் போய்விடும். ஒரு தடியை எப்போதும் பக்கத்தில் வையுங்கள்.

எனக்குப் பிடித்த கட்டம் கடைசிக் கட்டம். பெரும்பாலும் தள்ளியாகிவிட்டது, தாரோடு ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் மிச்சம். இத்தோடு விட்டுவிடலாம் என்று உடம்பு சொல்லும். விடாதீர்கள். அங்கங்கே தார் வெளியே தெரியும்படி சுரண்டிவிட்டால், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். கறுப்புத் தார் வெயிலை உறிஞ்சும், காற்று மைனஸ் மூன்று நாலாக இருந்தாலும் பக்கத்துப் படலம் கரையும். மத்தியானம் பார்த்தால் டிரைவே காய்ந்து கிடக்கும். அப்படிச் செய்தவர்களுக்கு உப்பும் அவ்வளவு தேவைப்படாது. மைனஸ் பத்துக்குக் கீழே சாதாரண உப்பு பெரிதாக வேலை செய்வதுமில்லை. வீதி உப்பு சுற்றுச்சூழலுக்கு நஞ்சு என்று கனேடிய அரசின் மதிப்பீடு 2001லேயே சொல்லிவிட்டது. நாங்கள் கொட்டுகிற உப்பு ஹைலண்ட் ஓடைக்கும் ரூஜ் ஆற்றுக்கும்தான் போய்ச் சேருகிறது.

"நாளைக்குத் திரும்பவும் கொட்டத்தானே போகுது, பிறகேன்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஊரில் விடிய எழும்பி முற்றம் கூட்டிய எங்கள் அம்மாக்களிடம் யாராவது இப்படிக் கேட்டார்களா? அடுத்த நாள் வேப்பிலை விழும் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கூட்டினார்கள். கூட்டிய முற்றம் அன்றைக்கு வடிவாக இருந்தது. 2022 ஜனவரி 17ஆம் திகதி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ரொறன்ரோவில் சில இடங்களில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டி, டொன்வலி பார்க்வே, கார்டினர் என்ற பெருந்தெருக்களையே மூடினார்கள், பள்ளிக்கூடங்கள் மூடின. அன்றைக்குத் தள்ளத் தள்ளப் பின்னால் நிரம்பிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் வெளியே நின்றவர்களின் முகங்களை நினைத்துப் பாருங்கள். பல வருடம் பக்கத்தில் இருந்தும் பெயர் தெரியாத அயலவர்கள் அன்றைக்குத்தான் கதைத்தார்கள். வண்டியில்லாத தெருவில், சத்தத்தை உறிஞ்சுகிற புதுப்பனியில், இந்தக் கரையில் கதைப்பது அந்தக் கரைக்குத் தெளிவாகக் கேட்டது.

இப்போது பாரமான ஒரு விசயம். 2017இல் கனேடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் கியூபெக்கில் செய்த ஓர் ஆய்வு வந்தது. 1981 முதல் 2014 வரையான பதிவுகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 20 சென்ரிமீற்றர் கொட்டியதற்கு அடுத்த நாளில், ஆண்கள் மாரடைப்போடு வைத்தியசாலைக்கு வருவதற்கான வாய்ப்பு 16 சதவீதமும், மாரடைப்பால் இறப்பதற்கான வாய்ப்பு 34 சதவீதமும் கூடியிருந்தது. குளிர் இரத்தக் குழாயைச் சுருக்குகிறது, கைவேலை இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, பாரம் தூக்கும்போது மூச்சைப் பிடிக்கிறோம். தெற்காசியர்களான எங்களுக்கு இருதய நோய் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது. ஆகவே கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: நெஞ்சில் கோளாறு உள்ளவர்கள், சலரோகமும் அழுத்தமும் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், சவளைத் தொடாதீர்கள். மற்றவர்கள் தூக்குவதைக் குறைத்துத் தள்ளுங்கள். கொட்டக் கொட்ட இரண்டு மூன்று தரமாகத் தள்ளுங்கள், ஒரேயடியாக வேண்டாம். நெஞ்சில் இறுக்கம், தாடையில் நோ, இடக்கையில் வலி என்றால் உடனே 911ஐ அழையுங்கள். ஸ்நோ அங்கேயே கிடக்கட்டும்.

அப்படியென்றால் தள்ள முடியாத அண்ணன்மார், அக்காமார் என்ன செய்வார்கள்? உங்கள் டிரைவே முடிந்து, கறுப்பாகக் கிடக்கிற தாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறபோது, உடம்பு சூடாக இருக்கும், சவள் கையிலேயே இருக்கும். பக்கத்து வீட்டு வாசலுக்குப் போக அதைவிட நல்ல நேரம் இல்லை. அந்தச் சந்தோசம் இரண்டாவது டிரைவேயிலும் குறையாது. நான் சொல்வதை நம்பவேண்டாம், ஒருக்கால் செய்து பாருங்கள்.

மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். கொட்டுகிற நாளில் இன்னொரு டிரைவே தள்ளக்கூடியவர்கள் பெயரையும் தெருவையும் எழுதுங்கள். முடியாதவர்களும் தயங்காமல் மறுபக்கத்தில் எழுதுங்கள். கிட்டக் கிட்ட இருப்பவர்களை நாங்கள் சேர்த்துவிடுகிறோம். இந்த வாரக் கடைசியில் கொட்டும் என்று வானிலை அறிக்கை சொல்கிறது, அதனால் இன்றைக்கே எழுதிவிட்டுப் போங்கள்.

நன்றி, வணக்கம்.