அகப்பை வேண்டாத கொப்பரை

நேயர்களுக்கு வணக்கம்.

பாபநாசத்திலிருந்து வீரமாங்குடிப் பக்கம் மார்கழிக் கடைசியில் போனால் வழியெல்லாம் புகை தெரியும். பொங்கலுக்கு அச்சு வெல்லம் காய்ச்சுகிற புகை. சிறுவனாக அந்த அடுப்போரங்களில் நான் நின்ற காலத்தில் கவனித்த ஒன்று இன்னும் மனத்தில் இருக்கிறது. கொப்பரையில் சாறு நீர்க்க இருக்கும் வரை அதை யாரும் கிண்ட மாட்டார்கள். மேலே ஒதுங்கும் அழுக்கு நுரையை மட்டும் அள்ளி எறிவார்கள். கொதியே சாற்றைக் கிண்டிக்கொள்ளும். சாறு பாகாக இறுக இறுகக் கொதியின் சத்தம் மாறும். முதலில் சலசலப்பு, பிறகு தளதளப்பு, கடைசியில் 'பொதக், பொதக்'. அந்தச் சத்தம் கேட்டதும்தான் ஆட்கள் துடுப்பை எடுப்பார்கள். தாமதித்தால் அடிப்பிடித்துவிடும்.

அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பிற்காலத்தில் சர்க்கரை ஆலை ஒன்றில் பாகு காய்ச்சும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். தடித்த திரவத்தை மோட்டாரும் துடுப்பும் இல்லாமல், வெறும் குமிழியை வைத்தே கலக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் தினமும் என் கண்ணெதிரே கொதித்துக்கொண்டிருந்தது.

குமிழி எப்படிக் கலக்குகிறது? ஒரு லிட்டர் காற்றைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால், அது ஒரு லிட்டர் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆர்க்கிமிடீஸ் சொன்ன கணக்குப்படி அதை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமம். அந்தக் காற்று சும்மா ஏறுவதில்லை. தலைக்கு மேல் இருக்கிற திரவத்தை ஒதுக்கித் தள்ளுகிறது, தன் வாலுக்குப் பின்னால் அடித்திரவத்தை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்பப் பக்கத்திலிருந்து திரவம் ஓடி வருகிறது. தொட்டி முழுவதும் மெல்ல ஒரு சுற்று கிளம்பிவிடும். கம்ப்ரசர் வைத்து ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. அங்கேயும் தண்ணீரைத் தூக்குவது காற்றின் மிதப்புதான்.

ஆலையில் பாகு காய்ச்சும் பாத்திரத்துக்குப் பான் என்று பெயர். காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்துக் காய்ச்சும் இந்த முறையை 1813-இல் எட்வர்ட் சார்லஸ் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்தார். அழுத்தம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே கொதி வரும், சர்க்கரை கருகாது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பானுக்குள் மேற்பரப்பில் அழுத்தம் வளிமண்டலத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குப் போனால், மேலே நிற்கும் பாகின் சுமையால் அது இரண்டரை மடங்குக்கும் மேலாகிவிடும். ஆகவே மேலே கொதிக்கும்போது அடியில் கொதி அமுங்கிக் கிடக்கும். கொதி இல்லையென்றால் குமிழி இல்லை, குமிழி இல்லையென்றால் சுழற்சி இல்லை. சர்க்கரைப் படிகமும் பாகும் கலந்த அந்தக் கூழை நாங்கள் மாசிகட் என்போம். அது நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

அதற்குத்தான் ஜிக்கர் இருக்கிறது. பானின் அடியில், சூடேற்றும் குழாய்களுக்குக் கீழே, கொஞ்சம் நீராவியைத் திறந்துவிடுவது. சூடேற்ற அல்ல, குமிழியை விதைக்க. அடியில் எலுமிச்சம்பழ அளவில் புறப்படுகிற குமிழி, ஏற ஏற அழுத்தம் குறைவதால் ஊதிப் பெருக்கிறது. பெருக்கப் பெருக்க அதன் மிதப்பும் கூடுகிறது. கண்ணாடி வழியே பார்த்தால், சோர்ந்து கிடந்த மாசிகட் நடுவில் எழும்பி ஓரத்தில் மடிந்து இறங்கத் தொடங்கும். எனக்கு வேலை கற்றுத்தந்த பெரியவர் மீட்டரைப் பார்த்ததே இல்லை. இரு விரலுக்கு நடுவே பாகைத் தொட்டு நூல் பார்ப்பார், பிறகு கண்ணாடியில் முகம் வைப்பார். "தம்பி, புரளுகிறதா பார். புரண்டால் போதும், சர்க்கரை தானாக வரும்" என்பார்.

இப்போது நான் சறுக்கி விழுந்த கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஊரில் மாமா வீட்டில் பஞ்சகவ்யம் போட்டிருந்தார்கள். நூறு லிட்டர் பீப்பாய். சாணம், கோமியம், பால், தயிர், நெய், வெல்லம், வாழைப்பழம் எல்லாம் சேர்ந்த கலவை. காலையும் மாலையும் கழியால் கிண்ட வேண்டும். மாமாவுக்குத் தோள்வலி. ஆலையில் முப்பது வருடம் குமிழி பார்த்தவன் என்ற தலைக்கனத்தில், மீன்தொட்டிக்குக் காற்று விடும் சிறு பம்பை வாங்கி, அதன் நுண்துளைக் கல்லைப் பீப்பாயின் அடியில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால் நெய்யும் தயிரும் நுரையாகப் பொங்கி வாசல் வரை ஓடியிருந்தது. சாணத்தின் நார்த்தூள் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு மேலே வந்து ரொட்டிபோல் ஏடு கட்டியிருந்தது. அடியில் வண்டல் அப்படியே கிடந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. துடைப்பத்தை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

என்ன பிழை? பொடிக் குமிழிக்குத் தடித்த திரவத்தில் வலு கிடையாது. சிறு குமிழியின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீரைவிட ஆயிரம் மடங்கு தடித்த திரவத்தில் ஒரு மில்லிமீட்டர் குமிழி ஒரு மீட்டர் ஏற ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். பத்து மில்லிமீட்டர் குமிழி அதே தூரத்தை இருபது வினாடிக்குள் கடந்துவிடும். கூழ், சாணக் கரைசல், சேறு போன்றவற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு: ஓரளவு தள்ளினால்தான் அவை அசையும். அப்படித் தள்ள வலு போதாத பொடிக் குமிழி ஏறவே ஏறாது, சிக்கியபடியே கிடக்கும். நடவு முடிந்த வயலில் இறங்கி நடந்தால் காலடியிலிருந்து குமிழிகள் கொப்பளித்து வரும், பார்த்திருப்பீர்கள். நாள்கணக்கில் சேற்றில் சிறைப்பட்டிருந்த மீத்தேன் அது. நம் கால் சேற்றைக் கலைத்த பிறகுதான் அதற்கு விடுதலை.

பெரிய குமிழியின் கதை வேறு. டேவிஸ், ஜி.ஐ. டெய்லர் என்ற இருவர் 1950-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சூத்திரம் இருக்கிறது. பெருங்குமிழி உருண்டையாக இராது. மேலே குடைபோல் வளைந்து, அடியில் தட்டையாக, கவிழ்த்த கிண்ணம்போல் ஏறும். அதன் வேகத்தை நிர்ணயிப்பது குடையின் வளைவும் புவியீர்ப்பும் மட்டுமே. திரவத்தின் தடிப்பு அந்தக் கணக்கில் வரவே வராது. வளைவின் ஆரம் பத்து சென்டிமீட்டர் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ அறுபத்தாறு சென்டிமீட்டர் வேகம். 1945-இல் நியூ மெக்சிகோவில் வெடித்த முதல் அணுகுண்டின் தீக்கோளம் வானில் ஏறியதையும் இதே கணக்கால் டெய்லர் விளக்கினார். கம்பிப்பாகு பதத்துக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது, அங்கே தடிப்பு தன் வேலையைக் காட்டும். பஞ்சகவ்யத்துக்குப் பொருந்தும்.

எனவே வேண்டியது ஓயாத பொடிக் குமிழி அல்ல. விட்டுவிட்டு வரும் ஒற்றைப் பெருங்குமிழி. பெரிய தொழிற்சாலைகளில் மசகெண்ணெய் கலக்கும் தொட்டிகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள். தரையோடு தட்டைப் பொருத்தி, அதன் அடியில் அழுத்தக் காற்றை ஒரு வெட்டாக விடுகிறார்கள். நான் பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் ஒன்றை இரவல் வாங்கினேன். அதில் காற்றடித்து, அரை அங்குலக் குழாயைச் செருகி, மறுமுனையைப் பீப்பாயின் அடியில் கவிழ்த்த அலுமினியத் தட்டுக்குக் கீழே விட்டேன். தட்டின் மேல் ஒரு செங்கல். மடக்கிப் பிடித்திருந்த குழாயை ஒரு நொடி விட்டதும் தட்டுக்கடியில் காற்று திரண்டு, விளிம்பு வழியே ஒரே கட்டியாகக் கிளம்பியது. 'பொதக்'. அதே வீரமாங்குடிச் சத்தம். ஏடு நடுவில் பிளந்து மடிந்தது, அடி வண்டல் கரும்பச்சையாக மேலே வந்தது. பத்துப் பன்னிரண்டு முறை விட்டபோது பீப்பாய் முழுவதும் ஒரே நிறம்.

இதைக் கண்ட மாமா, "மாப்பிள்ளை, கொல்லையில் இருக்கிற சாண எரிவாயுத் தொட்டிக்கும் இதையே போட்டுவிடு" என்றார். அது மட்டும் கூடாது. சாணத்திலிருந்து மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் விஷம். அது மட்டுமல்ல, காற்றோடு ஐந்து முதல் பதினைந்து சதவீதம் வரை மீத்தேன் கலந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். கழிவுநீர் நிலையங்களின் பெரிய தொட்டிகளில் வாயுவால் கலக்குவது உண்டு. ஆனால் அங்கே மேலே சேரும் அதே வாயுவைக் கம்ப்ரசரால் அழுத்தி அடிக்குத் திருப்பி அனுப்புவார்கள், காற்றைத் தொட மாட்டார்கள். அதற்குரிய கருவியும் காவலும் வீட்டுத் தொட்டிக்குக் கட்டுப்படியாகாது. மாமாவிடம் உள்ளது மிதக்கும் டிரம் வகை. சாணத்தை வைக்கோல் பொறுக்கித் தண்ணீரில் நன்றாகக் கரைத்து ஊற்றுங்கள், டிரம்மைக் காலையும் மாலையும் பிடித்து ஒரு சுற்றுத் திருப்பிவிடுங்கள், ஏடு உடைந்துவிடும் என்று சொன்னேன். அவருக்கு ஏமாற்றம்தான்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நீங்களும் என்னைப்போல் மாட்டிக்கொள்வீர்கள். டியூபைப் பீப்பாயின் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். நான் தரையில் போட்டிருந்தேன். காற்றுத் தீர்ந்ததும் பஞ்சகவ்யம் குழாய் வழியே இறங்கி டியூபுக்குள் நிறைந்துவிட்டது. எவ்வளவு அலசியும் வாடை போகவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது பஞ்சர் கடைக்காரர் வால்வை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது உங்களிடமே இருக்கட்டும்" என்றார்.

நன்றி, வணக்கம்.